பாதி உறக்கம் யாருக்கு?

பல்வலி என்று வந்தவருக்குச் செடேஷன் கொடுத்துச் சிகிச்சை செய்யலாமா என்று யோசிக்கும் மருத்துவர், பல்லைப் பார்த்து முடித்த பிறகு இன்னொன்றையும் பார்க்கிறார். "நிமிர்ந்து உட்காருங்க. வாயை நல்லாத் திறங்க. நாக்கை எவ்வளவு முடியுமோ அவ்வளவு வெளிய நீட்டுங்க. 'ஆ'ன்னு சத்தம் போட வேண்டாம்" என்கிறார். டார்ச் வெளிச்சத்தில், நாக்குக்குப் பின்னால் தொண்டை எவ்வளவு தெரிகிறது என்று கவனிக்கிறார். உள்நாக்கும் அதன் இரு பக்கத் தசைத் தூண்களும் முழுசாகத் தெரிந்தால் முதல் வகுப்பு. தூண்கள் மறைந்து உள்நாக்கு தெரிந்தால் இரண்டு. உள்நாக்கின் அடி மட்டும் தெரிந்தால் மூன்று. மேலண்ணத்தின் கெட்டியான பகுதியைத் தவிர எதுவும் கண்ணில் படவில்லை என்றால் நான்கு. சில விநாடிகளில் முடிந்துவிடும் வேலை இது.

இதற்கு மல்லம்பட்டி சோதனை என்று பெயர். ஆந்திரத்திலிருந்து அமெரிக்கா சென்று, பாஸ்டனில் மயக்கவியல் நிபுணராகப் பணியாற்றிய சேஷகிரி ராவ் மல்லம்பட்டியின் பெயர் அது. அறுவை சிகிச்சையின்போது மூச்சுக்குழாய்க்குள் குழாய் செலுத்துவது யாருக்குச் சிரமமாக இருக்கும் என்று முன்கூட்டியே சொல்ல முடியுமா என்பதை 210 நோயாளிகளிடம் ஆராய்ந்து, 1985-இல் அவர் கட்டுரை வெளியிட்டார். வாய்க்குள் நாக்கு எவ்வளவு இடத்தை அடைத்துக்கொண்டிருக்கிறது என்பதே அவர் பிடித்த துப்பு. அவர் வகுத்தவை மூன்று வகுப்புகள். நான்காவது 1987-இல் வேறு இருவரால் சேர்க்கப்பட்டது. பெரிய அறுவை அரங்குக்காகப் பிறந்த இந்தச் சோதனை, பல் சிகிச்சை நாற்காலிக்கும் வந்து சேர்ந்ததற்குக் காரணம் உண்டு.

தூக்கத்தில் நம் தசைகள் தளர்கின்றன. நாக்கும் ஒரு தசைதான். மல்லாந்து படுத்திருப்பவருக்கு அது பின்னால் சரிந்து, காற்று போகும் வழியைக் குறுக்குகிறது. இயல்பான தூக்கத்தில் மூச்சு தடைபட்டால் மூளை தட்டி எழுப்பிவிடும். மருந்தால் வந்த உறக்கத்தில் அந்தக் காவல் மந்தமாகிவிடுகிறது. இத்துடன் பல் சிகிச்சைக்கே உரிய சிக்கல் ஒன்று சேர்கிறது. வயிற்றில் அறுவை செய்யும்போது மருத்துவர் வேலை பார்க்கும் இடம் வேறு, நோயாளி மூச்சு விடும் இடம் வேறு. பல் சிகிச்சையில் இரண்டும் ஒன்றே. டிரில்லில் இருந்து தண்ணீர் பீய்ச்சுகிறது, ரத்தம் கசிகிறது, உடைந்த பல்துண்டு நழுவப் பார்க்கிறது. விழித்திருப்பவர் இருமிவிடுவார், விழுங்கிவிடுவார், கையைத் தூக்கி நிறுத்தச் சொல்வார். அரைத்தூக்கத்தில் இருப்பவருக்கு அந்தத் திறன்கள் எவ்வளவு மிச்சமிருக்கும்? செடேஷன் யாருக்குப் பொருந்தும் என்ற கேள்வியின் பாதி இதில் அடங்கியிருக்கிறது. எவ்வளவு பயம் என்பது இன்னொரு பாதி. பெரும்பாலானவர்கள் பயத்தை மட்டும் சொல்லிவிட்டு, மூச்சைப் பற்றிச் சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள் என்பதுதான் என் கவலை.

செடேஷன் என்றால் என்ன என்பதை முதலில் தெளிவாக்கிக்கொள்வோம். ஈறில் போடும் ஊசி வலியை மட்டும் மரத்துப்போகச் செய்கிறது. மனம் முழு விழிப்பில் இருக்கும். முழு மயக்கத்தில் என்ன செய்தாலும் எழுப்ப முடியாது. இவ்விரண்டுக்கும் நடுவில் உள்ள நிலைகளைத்தான் செடேஷன் என்கிறோம். இலேசான நிலையில் பேசினால் வழக்கம்போலப் பதில் வரும். மிதமான நிலையில் கண் சொக்கியிருக்கும். ஆனால் "வாயைக் கொஞ்சம் பெரிசாத் திறங்க" என்றால் திறப்பார். ஆழ்ந்த நிலையில் திரும்பத் திரும்ப உலுக்கினாலோ வலித்தாலோதான் அசைவார்; அப்போது மூச்சுவழியை இன்னொருவர் பிடித்துக் காக்க வேண்டி வரலாம். இந்த நிலைகளுக்கு நடுவே சுவர் கிடையாது. ஒரே சறுக்குமரத்தின் மேல்பகுதியும் கீழ்ப்பகுதியும் போன்றவை அவை. மிதமான நிலைக்கென்று கொடுத்த அளவு ஒருவரை ஆழ்ந்த நிலைக்கு இழுத்துச் சென்றுவிடலாம். அதனால்தான் பிரிட்டனில் பல் மருத்துவர்கள் ஒரு விதியைக் கறாராக வைத்திருக்கிறார்கள்: நோயாளியோடு பேச்சுத் தொடர்பு ஒரு கணமும் அறுபடக் கூடாது. பேசினால் பதில் வராத நிலைக்குப் போய்விட்டால் அது அவர்கள் கணக்கில் செடேஷனே இல்லை.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். செடேஷன் கொடுத்தாலும் ஈறில் ஊசி உண்டு. மருந்து பயத்தை ஆற்றுகிறது. வலி நரம்பை அடைப்பது ஈறு ஊசியிலுள்ள லிக்னோகெயின்தான். ஊசியே வேண்டாம் என்பதற்காகச் செடேஷன் கேட்பவருக்கு இதை முன்பே விளக்கிவிடுவது நல்லது.

*

யாருக்குத் தேவை என்பதை அளக்க முடியுமா? 1969-இல் நார்மன் கோரா என்ற அமெரிக்க ஆய்வாளர் நான்கே கேள்விகளில் பல் சிகிச்சைப் பயத்தை அளக்கும் வழியை உருவாக்கினார். 1995-இல் ஜெரி ஹம்ஃப்ரிஸ் ஐந்தாவதாக ஊசியைப் பற்றிய கேள்வியைச் சேர்த்தார். நாளைக்கு டாக்டரிடம் போக வேண்டும் என்றால் எப்படி இருக்கும், வெளியில் காத்திருக்கும்போது எப்படி, டிரில் வைக்கும்போது, பல் சுத்தம் செய்யும்போது, ஈறில் ஊசி போடும்போது எப்படி இருக்கும் என்பவையே அந்தக் கேள்விகள். ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5 வரை மதிப்பெண். மொத்தம் 19-ஐத் தொட்டால் அது கடும் பயம். இந்த வினாத்தாளின் தமிழ் வடிவமும் சோதிக்கப்பட்டு 2012-இல் வெளியாகியிருக்கிறது. ஆங்கிலம் தெரியாத ஒரு பாட்டியிடம்கூட அவர் மொழியிலேயே கேட்க இன்று நம்மிடம் கருவி இருக்கிறது.

பயம் மட்டுமே தகுதி ஆகிவிடாது. 2011-இல் பிரிட்டனில் வெளியான செடேஷன் தேவைக் குறியீடு மூன்று விஷயங்களைக் கூட்டிப் பார்க்கிறது: பயத்தின் அளவு, உடல்நிலை, செய்யப்போகும் சிகிச்சையின் கடுமை. ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 4. கூட்டுத்தொகை 7-ஐத் தொட்டால் செடேஷனுக்கு வலுவான நியாயம் இருக்கிறது. இதில் எனக்குப் பிடித்தது என்னவென்றால், தைரியசாலிக்கும் இதில் இடம் உண்டு. எலும்புக்குள் புதைந்த ஞானப்பற்கள் நான்கையும் ஒரே அமர்வில் எடுக்க வேண்டியவர், துளியும் பயப்படாதவராக இருந்தாலும், ஒன்றரை மணி நேரம் வாயைத் திறந்து வைத்திருக்க வேண்டும். கண்ணாடி அண்ணத்தில் பட்டாலே குமட்டுபவருக்கு அது பயமே இல்லை. அவர் உடம்பின் அனிச்சைச் செயல். பார்க்கின்சன் நோயால் தலையும் தாடையும் ஆடிக்கொண்டே இருப்பவருக்கும், மூளை முடக்குவாதத்தால் தசைகள் தாமாக இழுத்துக்கொள்பவருக்கும் செடேஷன் அந்த அசைவைக் குறைத்து, கூர்மையான கருவி தவறான இடத்தில் படாமல் காக்கிறது.

உடல்நிலை என்று வரும்போது பலர் எதிர்பாராத ஒன்று நடக்கிறது. இதய நோயாளி என்றதும் "ஐயோ, மயக்க மருந்தெல்லாம் வேண்டாம்" என்று வீட்டார் பதறுவார்கள். ஆனால் பயந்துபோன உடல் தானே அட்ரினலினைச் சுரந்து தள்ளுகிறது. நாடி ஏறுகிறது, ரத்த அழுத்தம் ஏறுகிறது, இதயத்துக்குத் தேவைப்படும் ஆக்சிஜன் கூடுகிறது. குறுகிய இதயத் தமனி அதைக் கொடுக்க முடியாமல் திணறுகிறது. ஈறு ஊசியில் சேர்க்கும் அட்ரினலின் மைக்ரோகிராம் கணக்கில்தான் இருக்கிறது. அஞ்சி நடுங்கும் உடல் சுரப்பது அதை மிஞ்சலாம். ஆகவே கட்டுக்குள் இருக்கும் நெஞ்சுவலிக்காரருக்கும் ரத்த அழுத்தக்காரருக்கும் இலேசான செடேஷன் பாதுகாப்பைக் கூட்டவே செய்யும். பதற்றத்தால் இழுப்பு வரும் ஆஸ்துமாக்காரருக்கும், பதற்றத்தால் வலிப்பு தூண்டப்படுபவருக்கும் இதே நியாயம்தான். அண்மையில்தான் மாரடைப்பு வந்தவர், உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்குபவர், ரத்த அழுத்தம் 180-க்கு 110-ஐத் தாண்டி நிற்பவர் ஆகியோரின் கதை வேறு. அவர்களுக்கு அவசரமில்லாத பல் சிகிச்சையையே தள்ளிப்போட வேண்டும்.

நோயாளியின் பொதுவான உடல்நிலையை வகைப்படுத்த மயக்கவியலர்கள் 1941 முதல் வளர்த்துவரும் ஏ.எஸ்.ஏ. தரவரிசை ஒன்று இருக்கிறது. நோயே இல்லாதவர் முதல் தரம். சர்க்கரையோ ரத்த அழுத்தமோ இருந்து, மருந்தால் கட்டுக்குள் இருந்தால் இரண்டாம் தரம். இந்த இரு தரத்தாரும் முறையான வசதியுள்ள பல் மருத்துவமனையிலேயே செடேஷன் பெறலாம். மூன்றாம் தரத்தாரை ஒவ்வொருவராக எடைபோட வேண்டும். நான்காம் தரத்தாருக்கு, உயிருக்கே ஆபத்தான நோய் எப்போதும் கூடவே இருப்பவர்களுக்கு, பெரிய மருத்துவமனைதான் இடம்.

*

மருந்துக்கு மருந்து பொருத்தம் மாறும் என்பதால் முக்கியமான இரண்டை மட்டும் அருகில் போய்ப் பார்ப்போம்.

முதலாவது நைட்ரஸ் ஆக்சைடு, சிரிப்பூட்டும் வாயு. 1800-இல் ஹம்ஃப்ரி டேவி இதைத் தானே முகர்ந்து பார்த்து எழுதிய புத்தகத்தில், ஞானப்பல் வலி இதனால் தணிந்ததைக் குறித்து, அறுவை சிகிச்சைக்கு உதவலாம் என்றும் சொல்லியிருந்தார். 44 ஆண்டுகள் யாரும் அதைப் பின்தொடரவில்லை. 1844 டிசம்பர் 10-ஆம் தேதி, அமெரிக்காவின் ஹார்ட்ஃபோர்டு நகரில் இந்த வாயுவைக் காட்டும் கேளிக்கை நிகழ்ச்சி ஒன்றுக்கு ஹொரஸ் வெல்ஸ் என்ற பல் மருத்துவர் போயிருந்தார். வாயுவை முகர்ந்த இளைஞன் ஒருவன் காலில் பட்ட காயத்தை உணராமலே நடமாடியதைப் பார்த்தார். மறுநாளே அந்த வாயுவைத் தான் முகர்ந்து, சக மருத்துவரைக் கொண்டு தன் கடைவாய்ப்பல்லைப் பிடுங்கச் செய்தார். வலிக்கவில்லை. சில வாரங்களில் பாஸ்டனில் மருத்துவ மாணவர்கள் முன்னால் செய்து காட்டியபோது நோயாளி கத்திவிட்டார். ஏமாற்று என்று கூவி வெல்ஸை விரட்டினார்கள். வாயுப் பையைச் சீக்கிரமே எடுத்துவிட்டதாக வெல்ஸ் பின்னர் சொன்னார்.

அந்தத் தோல்விக்கு இன்றைய அறிவியலும் ஒரு விளக்கம் தரும். நைட்ரஸ் ஆக்சைடு வலுவற்ற மருந்து. கத்தி பட்டாலும் பாதிப் பேர் அசையாமல் இருக்க, அவர்கள் இழுக்கும் காற்றில் 104 சதவீதம் அந்த வாயு இருக்க வேண்டும் என்று கணக்கு. சாதாரணக் காற்றழுத்தத்தில் 100-க்கு மேல் எதுவும் இருக்க முடியாது. ஆக, இதை மட்டும் வைத்து எல்லோரையும் வலி தெரியாத ஆழத்துக்குக் கொண்டுபோக முடியாது. ஆளுக்கு ஆள் பலன் மாறும். அன்று வெல்ஸை வீழ்த்திய அதே பலவீனம்தான் இன்று இந்த வாயுவைப் பல் மருத்துவமனைக்கு ஏற்றதாக்குகிறது. ஆழத்துக்கு இழுத்துச் செல்லும் வலு இல்லாததால், பேச்சுத் தொடர்பு அறுவது அரிது.

மூக்கின் மேல் மெத்தென்ற மூடியை வைக்கிறார்கள். முதலில் ஆக்சிஜன் மட்டும். பிறகு நைட்ரஸ் ஆக்சைடை ஐந்து, பத்து சதவீதமாகக் கூட்டிக்கொண்டே, "இப்ப எப்படி இருக்கும்மா?" என்று கேட்கிறார்கள். விரல் நுனியில் குறுகுறுப்பு, உதட்டோரம் மதமதப்பு, உடம்பெல்லாம் இதமான சூடு. நாற்காலியின் கைப்பிடியை வெள்ளையாகும்வரை இறுக்கியிருந்த விரல்கள் ஒவ்வொன்றாகத் தளர்வதை நல்ல மருத்துவர் ஓரக்கண்ணால் கவனித்துக்கொண்டே இருப்பார். பெரும்பாலோருக்கு 30 முதல் 50 சதவீதத்துக்குள் போதும். ஆக்சிஜன் 30 சதவீதத்துக்குக் கீழே போகவிடாதபடி இயந்திரத்திலேயே பூட்டு இருக்கிறது. இந்த வாயு ரத்தத்தில் அதிகம் கரைவதில்லை. கல்லீரலில் சிதைக்கப்படுவதும் இல்லை. வந்த வழியே மூச்சோடு வெளியேறிவிடுகிறது. முடிந்ததும் சில நிமிடங்கள் வெறும் ஆக்சிஜன் கொடுத்தால் தெளிந்து எழுந்துவிடலாம்.

இதற்குப் பொருத்தமானவர் யார்? மூக்கால் மூச்சு விட முடிந்தவர். சொன்னால் கேட்கும் மனநிலையில் உள்ளவர். பயம் இலேசாகவோ மிதமாகவோ இருப்பவர். சளி பிடித்து மூக்கடைத்தவருக்கு அன்றைக்கு இது உதவாது. வேறு நாள் வரச் சொல்ல வேண்டும். மூக்கில் மூடி வைத்தாலே மூச்சு முட்டுவதாக உணர்பவருக்கும், பயம் தலைக்கேறி அலறுபவருக்கும் இது பலிக்காது. கர்ப்பத்தின் முதல் மூன்று மாதங்களில் தவிர்ப்பது வழக்கம்.

அதிகம் பேசப்படாத இரண்டு எச்சரிக்கைகள் இங்கே உண்டு. இரண்டும் நம் ஊருக்கு மிகவும் வேண்டியவை. விழித்திரை விலகலுக்கு அறுவை செய்யும்போது கண்ணுக்குள் வாயுக் குமிழி ஒன்றை விட்டுவைப்பார்கள். வாரக்கணக்கில் அது உள்ளேயே இருக்கும். நைட்ரஸ் ஆக்சைடு, நைட்ரஜனைவிட ரத்தத்தில் 30 மடங்குக்கும் மேல் கரையக்கூடியது. அதனால் நைட்ரஜன் வெளியேறும் வேகத்தைவிட மிக விரைவாக இது அந்தக் குமிழிக்குள் புகுந்து அதை உப்ப வைக்கும். கண்ணின் அழுத்தம் ஏறி, பார்வையே போய்விட்ட சம்பவங்கள் பதிவாகியிருக்கின்றன. "பல்லுக்கும் கண்ணுக்கும் என்ன சம்பந்தம்?" என்று நினைத்து, கண் அறுவையைச் சொல்லாமல் விட்டுவிடாதீர்கள்.

அடுத்தது வைட்டமின் பி12. இந்த வாயு அந்த வைட்டமினின் நடுவிலுள்ள கோபால்ட் அணுவைச் செயலிழக்கச் செய்கிறது. நரம்பின் உறையைப் பராமரிக்கத் தேவையான நொதி அதனால் முடங்குகிறது. பி12 போதுமான அளவு இருப்பவருக்கு அரைமணி நேர வாயு பொருட்டே இல்லை. ஏற்கெனவே பற்றாக்குறையில் இருப்பவருக்குக் கைகால் மரப்பும் தள்ளாட்டமும் வந்த நிகழ்வுகள் உண்டு. தலைமுறை தலைமுறையாகச் சைவ உணவுக்காரர், ஆண்டுக்கணக்கில் மெட்ஃபார்மின் சாப்பிடும் சர்க்கரை நோயாளி, இரைப்பையில் அறுவை செய்துகொண்டவர் ஆகியோருக்குப் பற்றாக்குறை இருக்க வாய்ப்பு அதிகம். உள்ளங்காலில் ஏற்கெனவே எரிச்சலோ மதமதப்போ இருந்தால் பி12 அளவைப் பார்த்துவிட்டு முடிவெடுக்கச் சொல்லிக் கேளுங்கள்.

*

இரண்டாவது மிடாசோலம். 1970-களில் ரோஷ் நிறுவனத்தின் வேதியியலர்கள் உருவாக்கிய இந்த மருந்து ஒரு சிறு அற்புதம். ஊசிக் குப்பிக்குள் அமிலத்தன்மையில் அதன் மூலக்கூறு வளையம் திறந்திருக்கும். அதனால் நீரில் கரையும். ரத்தத்தில் கலந்ததும் வளையம் மூடிக்கொள்ள, கொழுப்பில் கரையும் பொருளாக மாறி மூளைக்குள் நுழைந்துவிடும். அங்கே நரம்புகளை அமைதிப்படுத்தும் காபா ஏற்பிகளின் வேலையை வலுப்படுத்துகிறது. பயம் தணிகிறது, கண் சொக்குகிறது, நடப்பது நினைவில் பதிவதில்லை. சின்ன வயதில் பட்ட கசப்பான அனுபவத்தால் இருபது ஆண்டுகளாகப் பல் மருத்துவமனைப் பக்கமே போகாதவருக்கு, இந்த மறதி பெரிய வரம்.

வலுவான மருந்து என்பதால் வடிகட்டலும் கடுமையாக இருக்க வேண்டும். 1980-களில் அமெரிக்காவில் இது புழக்கத்துக்கு வந்தபோது, பழகிய டயசிபாம் போலவே நினைத்து வேகமாகச் செலுத்தியதில் மூச்சு நின்று பலர் இறந்தார்கள். அதன் பிறகே, ஒரு மில்லிகிராம் கொடுத்துவிட்டு இரண்டு நிமிடமாவது காத்திரு, ஆளைப் பார், பிறகு அடுத்ததைக் கொடு என்ற பொறுமை வழக்கமானது. முதியவருக்கு அரை மில்லிகிராமில் தொடங்குகிறார்கள். 70 வயது மூளைக்கு அதே அளவு மருந்து கூடுதல் ஆழத்தைத் தரும். சிலருக்கு அமைதிக்குப் பதில் குழப்பமும் ஆவேசமும் வரும்.

கூடவே சாப்பிடும் மாத்திரைகளும் பொருத்தத்தை மாற்றிவிடும். மிடாசோலத்தைச் சிதைப்பது கல்லீரலின் ஒரு நொதி. படர்தாமரைக்குச் சாப்பிடும் ஃப்ளூகோனசோல், இட்ராகோனசோல், தொற்றுக்குச் சாப்பிடும் கிளாரித்ரோமைசின், ரத்த அழுத்தத்துக்கும் இதயத்துக்குமான டில்டியசெம், வெரபமில் ஆகியவை அந்த நொதியைத் தடுக்கும். உறக்கம் ஆழமாகி நீளும். காசநோய்க்கான ரிஃபாம்பிசின் நேரெதிர்: நொதியைப் பெருக்கி, வாய்வழி கொடுக்கும் மிடாசோலத்தைக் கிட்டத்தட்டப் பயனற்றதாக்கிவிடும். தினமும் மது குடிப்பவருக்கும் தூக்க மாத்திரை பழகியவருக்கும் வழக்கமான அளவு எடுபடாது. கூட்டிக்கொண்டே போனால் மூச்சு ஆபத்துக்குள்ளாகும். தசைகள் சோர்ந்துபோகும் மயஸ்தீனியா நோயாளிகளுக்கு இது வேண்டவே வேண்டாம். மருத்துவர் கேட்கும்போது மாத்திரைச் சீட்டை அப்படியே எடுத்துக் காட்டுவது நல்லது. குடியைப் பற்றிய கேள்விக்கு மனைவியோ பிள்ளைகளோ பக்கத்தில் இருக்கிறார்கள் என்று தயங்கினால், தனியாகப் பேச வேண்டும் என்று கேட்கும் உரிமை நோயாளிக்கு உண்டு.

இனி, கடினமான ஒரு முடிவைப் பார்ப்போம். 48 வயதுக்காரர் ஒருவர் வருவதாக வைத்துக்கொள்வோம். கீழ்த்தாடையில் புதைந்த ஞானப்பற்கள் இரண்டு. பயமோ மிக அதிகம். பருத்த உடம்பு, குட்டையான கழுத்து, ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை.

"டாக்டர், எனக்கு ஒண்ணும் தெரியாம தூங்க வெச்சிடுங்க."

"வைக்கலாம் சார். ராத்திரி குறட்டை விடுவீங்களா?"

"லேசா இருக்கும்னு நினைக்கிறேன்."

கூட வந்த மனைவி குறுக்கிடுகிறார்: "லேசா இல்ல டாக்டர். நல்லா விட்டுக்கிட்டே இருப்பாரு, திடீர்னு சத்தமே நின்னுடும். நான் பயந்து எழுப்பப் போவேன், அதுக்குள்ள திணறிக்கிட்டு அவரே முழிச்சிடுவாரு."

இந்த ஒரு வாக்குமூலம் பல சோதனைகளைவிட மதிப்பு மிக்கது. டொரன்டோவைச் சேர்ந்த ஃபிரான்சஸ் சங் குழுவினர் 2008-இல் வெளியிட்ட கேள்விப் பட்டியல் எட்டு விஷயங்களைக் கேட்கிறது: குறட்டை, பகல் அசதி, தூக்கத்தில் மூச்சு நிற்பதை யாராவது பார்த்தார்களா, ரத்த அழுத்தம், உடல் நிறைக் குறியீடு 35-க்கு மேலா, வயது 50-க்கு மேலா, கழுத்துச் சுற்றளவு 40 சென்டிமீட்டருக்கு மேலா, ஆணா. ஐந்துக்கு ஆம் என்றால் தூக்கத்தில் மூச்சுத் தடைபடும் நோய் இருக்க வாய்ப்பு மிக அதிகம். இவருக்கு உடல் நிறைக் குறியீடு 36, கழுத்து 43 சென்டிமீட்டர். குறட்டை, மூச்சு நிற்பது, ரத்த அழுத்தம், ஆண் என்பதையும் சேர்த்தால் ஆறு. மல்லம்பட்டியில் நான்காம் வகுப்பு. செடேஷனை மிகவும் விரும்புகிற ஒருவர், அதற்குச் சற்றும் பொருந்தாத தொண்டையுடன் உட்கார்ந்திருக்கிறார். பல் மருத்துவத்தில் இது அடிக்கடி நேர்கிறது.

இவரிடம் "முடியாது" என்று சொல்லி அனுப்பிவிடுவது சரியாகாது. பல் அழுகிக்கொண்டிருக்கும், பயம் அப்படியே இருக்கும். ஈறு ஊசியோடு, நிமிர்த்திய நாற்காலியில், குறைந்த அளவு நைட்ரஸ் ஆக்சைடில், ஒரு நாளைக்கு ஒரு பல் என்று எடுக்கலாம். அதற்கும் அவர் தயாராக இல்லையென்றால், மயக்கவியல் நிபுணரும் தீவிர சிகிச்சைப் பிரிவும் உள்ள மருத்துவமனையில், குறட்டைக்கான பரிசோதனையை முடித்த பிறகு செய்ய வேண்டும். சாதாரணப் பல் மருத்துவமனையில் மிடாசோலம் ஏற்றுவதற்கு இவர் தகுந்தவர் இல்லை. அவர் எவ்வளவு கெஞ்சினாலும், எவ்வளவு பணம் தருவதாகச் சொன்னாலும் இந்த முடிவு மாறக் கூடாது என்றே நான் நினைக்கிறேன்.

*

குழந்தைகள் விஷயத்தில் இந்தக் கணக்குகள் எல்லாம் இன்னும் இறுகுகின்றன. சின்னக் குழந்தையின் நாக்கு வாய்க்குப் பெரிது, மூச்சுவழி குறுகல், டான்சில் பருத்திருக்கும். கிலோவுக்குக் கணக்கிட்டால் பெரியவரைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு ஆக்சிஜனைச் செலவழிக்கும் உடல் அது. மூச்சு நின்றால் கையிருப்பு சீக்கிரம் தீர்ந்துவிடும். அமெரிக்காவில் ஒரே பல் மருத்துவமனையில் நடந்த மூன்று மரணங்களுக்குப் பிறகே, 1985-இல் குழந்தைகளுக்கான முதல் செடேஷன் வழிகாட்டுதல்கள் வந்தன. 2019-இல் அவை மேலும் கடுமையாயின: ஆழ்ந்த செடேஷன் என்றால் பல் வேலையைப் பார்ப்பவரே மயக்கத்தையும் பார்த்துக்கொள்ள முடியாது; அதற்கென்று தனியே பயிற்சி பெற்ற ஒருவர் பக்கத்தில் இருந்தே ஆக வேண்டும்.

நான்கைந்து வயதுப் பிள்ளை, ஓரளவு பேச்சைக் கேட்கும், ஓரிரண்டு சொத்தை என்றால் சிரிப்பூட்டும் வாயு நன்றாகவே பலிக்கும். அதற்கும் முன்னால் செய்து பார்க்க வேண்டியது 1959-இல் ஆடல்ஸ்டன் என்ற பல் மருத்துவர் சொன்ன வழி: சொல்லு, காட்டு, பிறகு செய். "பாப்பா, இது பல்லுக்குத் தண்ணி அடிக்கிற துப்பாக்கி. உன் விரல்ல அடிச்சுப் பாக்கலாமா?" இதற்கே இணங்கிவிடும் குழந்தைக்கு எந்த மருந்தும் தேவையில்லை. இரண்டரை வயதில் பால் புட்டியால் பத்துப் பற்கள் அரித்துப்போன குழந்தைக்கு அரைமயக்கம் அரைகுறை தீர்வுதான். மருத்துவமனையில் முழு மயக்கம் கொடுத்து ஒரே தடவையில் முடிப்பது நல்லது. பெற்றோர் இதைக் கேட்டு அதிர்ச்சியடைகிறார்கள். ஆனால் கைகால்களை நான்கு பேர் பிடித்துக்கொண்டு நடத்தும் சிகிச்சையைவிட அது எவ்வளவோ மனிதத்தன்மை உள்ளது. அப்படிப் பிடித்து அமுக்கப்பட்ட குழந்தைகளில் சிலர்தான் இருபது ஆண்டுகள் கழித்துப் பயத்தை அளக்கும் வினாத்தாளில் 19-க்கு மேல் மதிப்பெண் வாங்கும் பெரியவர்களாக வந்து நிற்கிறார்கள்.

ஆட்டிசம் உள்ள பிள்ளைகளுக்கு டிரில்லின் ஓசையும் விளக்கின் வெளிச்சமுமே தாங்க முடியாதவை. செடேஷன் அவர்களுக்குச் சிகிச்சையின் கதவைத் திறந்துவிடுகிறது. டவுன் சிண்ட்ரோம் உள்ளவர்களுக்கும் தேவை அதிகம். ஆனால் பெரிய நாக்கு, பிறவி இதயக் குறை, தூக்கத்தில் மூச்சுத் தடை, கழுத்தெலும்பின் மேல் மூட்டில் தளர்ச்சி என்று அவர்களில் பலருக்கு எச்சரிக்கைகளும் சேர்ந்தே வருகின்றன. கழுத்தைப் பின்னால் வளைப்பதில்கூடக் கவனம் வேண்டும். இவர்களுக்கு மருத்துவமனைதான் சரியான இடம்.

*

ஒரு மனிதர் செடேஷனுக்குப் பொருந்துவாரா என்பது, எந்த இடத்தில், யார் கையில் என்பதையும் சேர்த்தே தீர்மானமாகிறது. பிரிட்டன் 2001 டிசம்பர் 31 முதல் பல் மருத்துவமனைகளில் முழு மயக்கம் கொடுப்பதை அடியோடு நிறுத்தி, தீவிர சிகிச்சை வசதியுள்ள மருத்துவமனைகளுக்கு மாற்றிவிட்டது. நோயாளிகள் மாறவில்லை, இடத்தைப் பற்றிய தீர்ப்பு மாறியது. ஜப்பானில் டகுவோ அவோயாகி 1974-இல் முன்வைத்த கோட்பாட்டில் இயங்கும் பல்ஸ் ஆக்சிமீட்டரை விரலில் மாட்டாமல் மிடாசோலம் போடும் இடத்துக்கு யாருமே பொருத்தமானவர் இல்லை. அது மட்டும் போதும் என்றும் நினைக்க வேண்டாம். ஆக்சிஜன் கொடுத்துக்கொண்டிருக்கும்போது மூச்சு நின்றால், ஆக்சிமீட்டரின் எண் இறங்குவதற்குச் சற்று நேரம் பிடிக்கும். நெஞ்சு ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டே இருக்கும் ஒரு ஜோடிக் கண்கள் வேண்டும். வெளிவிடும் கரியமில வாயுவை அளக்கும் கருவியும் இருந்தால் இன்னும் நல்லது.

வீட்டுச் சூழலும் தகுதியில் சேரும். மிடாசோலம் பெற்றவர் 24 மணி நேரம் வண்டி ஓட்டக் கூடாது. பத்திரம், கடன் காகிதம் எதிலும் கையெழுத்துப் போடக் கூடாது. நன்றாகப் பேசுவார், நடப்பார். ஆனால் அரைமணி நேரம் முன்பு சொன்னது நினைவில் இருக்காது. அதனால் அழைத்துப்போக வளர்ந்த ஒருவர் வேண்டும். ஸ்கூட்டரின் பின்சீட்டில் உட்கார வைத்துக் கூட்டிப்போவது ஆபத்து, ஆட்டோவோ காரோ வேண்டும். தனியாக வாழ்பவர் அன்றிரவு துணைக்கு ஒருவரை ஏற்பாடு செய்யாமல் இதற்குத் தகுதி பெற மாட்டார். கைக்குழந்தையோடு வீட்டில் தனித்திருக்கும் தாய்க்கும் இதே விதி. முந்தைய ஆறு மணி நேரம் சாப்பாடும் பாலும் கூடாது. இரண்டு மணி நேரம் முன்புவரை தண்ணீர் குடிக்கலாம். சர்க்கரை நோயாளி மாத்திரையைப் போட்டுக்கொண்டு பட்டினி கிடந்துவிடாமல், காலையில் முதல் ஆளாக நேரம் வாங்கி, அன்றைய மாத்திரையையும் இன்சுலினையும் பற்றித் தன் மருத்துவரிடம் முன்பே கேட்டுக்கொள்ள வேண்டும்.

ஒப்புதல் படிவத்தை நீட்டும்போது கேட்க வேண்டிய கேள்விகள் இவை. மயக்கத்தை யார் பார்த்துக்கொள்வார், அவர் அந்த நேரத்தில் வேறு வேலை பார்ப்பாரா? மூச்சு நின்றால் காற்றடிக்கும் பையும் முகமூடியும் இந்த அறையில் இருக்கிறதா, என் குழந்தையின் முகத்துக்குப் பொருந்தும் அளவில் இருக்கிறதா? மிடாசோலத்தை முறிக்கும் ஃப்ளூமாசெனில் இருக்கிறதா? இந்த மாற்று மருந்தின் வேகம் மிடாசோலத்துக்கு முன்பே தணிந்துவிடும், உறக்கம் திரும்ப வரலாம். அதனால் அதைப் போட்ட பிறகு எவ்வளவு நேரம் இங்கேயே வைத்திருப்பீர்கள் என்பதையும் சேர்த்துக் கேளுங்கள். நல்ல மருத்துவர் இந்தக் கேள்விகளால் கோபப்பட மாட்டார். பையை எடுத்துக் காட்டுவார், குப்பியின் காலாவதித் தேதியைக் காட்டுவார், பிறகு உங்களை நிமிர்ந்து உட்காரச் சொல்லித் தன் கேள்விகளைத் தொடங்குவார்.